கண்ணுக்கு ரெண்டு சொட்டு

கண்ணைச் சிமிட்டச் சொல்லி அந்த மொபைல் கேட்டது அன்றைக்கு மட்டும் பதினெட்டாவது தடவை. கேட்டது யாரிடம்? மேலகரம் பிச்சையாவிடம். மூன்று வயதில் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போய், இமைகள் உள்ளே ஒட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வருஷமாக வெளிச்சம் என்றால் முதுகில் படும் சூடு என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிற மனுஷனிடம். மொட்டைத் தலையனைக் கூப்பிட்டு வகிடு எடு என்று சொன்ன மாதிரி இருந்தது கதை.

"முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும். கண்ணைச் சிமிட்டவும்," என்றாள் மொபைலுக்குள் இருந்த மங்களேஸ்வரி.

மங்களேஸ்வரி என்பது பிச்சையா வைத்த பேர். திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டு வாசித்துச் சொல்லுகிற வசதி அது. தென்காசியில் மொபைல் கடை வைத்திருக்கிற முகம்மது சலீம் ஏழு வருஷத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்தார். இந்த ஏழு வருஷத்தில் பிச்சையா அவளுடைய வேகத்தைக் கூட்டிக் கூட்டி, இப்போது மற்றவர்கள் காதுக்குக் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். பிச்சையாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் பிசிறில்லாமல் விழும். பேப்பர் படிப்பார், பஸ் எங்கே வருகிறது என்று பார்ப்பார், மச்சினன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கண்ட கண்ட வைத்தியத்தையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். குற்றாலம் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற மசாஜ்காரர்கள் முப்பது பேரில் மொபைலை முழுசாகப் பழகியவர் அவர்தான். கண்ணிருக்கிற பயல்கள் அவரிடம்தான் சந்தேகம் கேட்க வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் 'அருவித் தோழன்' என்ற புது ஆப் மண்ணைக் கவ்வ வைத்தது.

விஷயம் இதுதான். இந்த வருஷத்திலிருந்து அருவிக் கரையில் தொழில் பண்ணுகிற எல்லோரும் அந்த ஆப்பில் முகத்தைக் காட்டிப் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும். பதிவு எண் வரும். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. வியாழக்கிழமை விடிந்தால், எண் இல்லாதவனைப் போலீஸ்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். ஆனி பிறந்து சாரல் கட்டி, அருவி நாலு நாளாகத்தான் ஜோராக விழுகிறது. மூன்று மாசம் சீசன், அதுதான் பிச்சையாவுக்கு வருஷம். எண் கிடைக்காவிட்டால் அருவி இரைகிற சத்தத்தைத் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆப்போ, கண்ணைச் சிமிட்டினால்தான் ஆளைச் சேர்ப்பேன் என்று உடும்புப் பிடியாக நின்றது. போட்டோவைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம். உள்ளே இருக்கிற பட்டன்களுக்காவது ஒழுங்காகப் பேர் வைத்திருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. எதைத் தொட்டாலும் மங்களேஸ்வரி, "பெயரிடப்படாத பட்டன்" என்றாள். அடுத்ததைத் தொட்டால் அதுவும் பெயரிடப்படாத பட்டன். பெற்றுப்போட்டுப் பேர் வைக்காமல் ஓடிப்போன பிள்ளைகள். பிச்சையா விடவில்லை. தடவித் தடவி, மேலிருந்து நாலாவது முகம், அதற்குக் கீழே அனுப்பு, மூலையில் இருப்பது திரும்பிப் போ என்று அத்தனையையும் மனப்பாடம் பண்ணிவிட்டார். சிமிட்டுகிற இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

மூன்று தடவை சிமிட்டாமல் இருந்தால் கடைசியாக ஒன்று சொல்லும்: "உயிருள்ள நபர் என உறுதி செய்ய இயலவில்லை."

அதை முதல் தடவை கேட்டபோது பிச்சையாவுக்குச் சுருக்கென்று வலித்தது. கண் இல்லை என்று ஊர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறது. உயிர் இல்லை என்று ஒருத்தனும் சொன்னதில்லை.

"என்னது, உசுரு இல்லையாமா?" என்றாள் அவர் மனைவி சொக்கம்மாள். கரையில் அவர் பலகைக்குப் பத்தடி தள்ளி எண்ணெயும் சீயக்காயும் சோப்பும் விற்கிறவள். "காலையில எட்டு இட்லி தின்னது யாரு, ஆவியா?"

திங்கட்கிழமை இரண்டு பேரும் தென்காசிக்குப் போனார்கள். பருவப் பணியாளர் பதிவு அலுவலகம் மாடியில் இருந்தது. பத்தொன்பது படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பதிவு அலுவலர் பேர் விஸ்வநாதன், சொந்த ஊர் சுரண்டை. அவரைப் பற்றி பிச்சையா கண்டுகொண்டது மூன்று: வாயில் எந்நேரமும் ஏலக்காய் வாசம், கையில் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருக்கிற பேனா, பேச்சுக்குப் பேச்சு 'நான் என்ன பண்ண?'

"கண்ணைச் சிமிட்டணும் அண்ணாச்சி," என்றார் விஸ்வநாதன்.

"கண்ணு இல்லையே சார்."

"அது எனக்குத் தெரியுது. சாஃப்ட்வேருக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண? ஒரே ஒரு தடவை சிமிட்டிருங்க. ஒரு செகண்டுதான்."

சொக்கம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "சிமிட்ட முடிஞ்சா அவரு எதுக்கு சார் பத்தொம்போது படி ஏறி இங்கன வாராரு? அந்தக் கண்ணை வச்சு அருவியையாவது பாத்துக்கிட்டு இருப்பாருல்லா?"

பிச்சையா அவள் கையை அமுக்கினார். "வேற வழி ஒண்ணும் இல்லையா சார்?"

"இருக்கு, இல்லைன்னு சொல்லலை. 'அதிகாரி நேரில் அறிந்தது'ன்னு ஒரு வழி இருக்கு. ஆனா அதுக்கு நான் காரணம் எழுதணும். காரணம் எழுதுனா மேல இருந்து கேள்வி வரும். இருபத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு காரணம் எழுதுனது கிடையாது." அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

இவ்வளவு பேச்சிலும் அவர் குரல் மேசையைப் பார்த்தே விழுந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கினால் குரல் மேலே ஏறி வரும். ஏறவே இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்று முனகிக்கொண்டே இருவரும் பத்தொன்பது படியையும் இறங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை சொக்கம்மாள் ஒரு யோசனை பண்ணினாள். கண் மையை எடுத்து, பிச்சையாவின் மூடின இமைகள் மேல் இரண்டு கண் வரைந்தாள். அவளுக்குக் கோலம் நன்றாக வரும், கண் வராது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போய், பக்கத்து வீட்டு யோகலட்சுமி உளுந்து கடன் கேட்க வந்தவள் வாசலில் நின்று, "எம்மா! சுடலையாண்டி!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஆனால் பாருங்கள், அந்த ஆப் நம்பிவிட்டது. "கண்கள் கண்டறியப்பட்டன," என்றாள் மங்களேஸ்வரி. புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நொடி, "கண்ணைச் சிமிட்டவும்." மையில் வரைந்த கண் எங்கே சிமிட்ட?

"நீங்க வேணா தோளைக் குலுக்கிப் பாருங்களேன்," என்றாள் சொக்கம்மாள். தோளையும் குலுக்கிப் பார்த்தார். உயிருள்ள நபர் என உறுதி செய்ய இயலவில்லை.

பிச்சையா மையை அழுத்தித் துடைத்தார். அப்புறம், "இருக்கட்டும் பாத்துக்கிடலாம்," என்றார். என்னத்தைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியாது.

புதன் விடிந்தது. ஆம்பளைகளுக்கு எண்ணெய்க் குளியல் நாள், கரையில் நல்ல கூட்டம். பிச்சையா இரண்டு பேரை முடித்து அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, பலகையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். முட்டி இரண்டும் மளுக்கென்றது. அதோடு ஏலக்காய் வாசம்.

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க," என்றது குரல். "ஆபீஸ் வேலையா இங்கன முகாம் போட்டிருக்கோம் அண்ணாச்சி. வந்த இடத்துல ஒரு குளியலைப் போட்டுருவோம்னு பார்த்தேன். சட்டுன்னு முடிச்சிருவியளா?"

விஸ்வநாதன்! பிச்சையாவுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. விஸ்வநாதனுக்கோ ஆளை அடையாளம் தெரியவில்லை. முந்தாநாள் பத்து நிமிஷம் எதிரே நின்ற மனுஷனை இரண்டு கண்ணும் நல்லாயிருக்கிற ஆளுக்குத் தெரியவில்லை, கண் இல்லாதவர் ஏலக்காய் வாசத்திலேயே பிடித்துவிட்டார்.

"என்ன அவசரம் சார்? ஆற அமரத் தேய்ப்போமே."

"அட நீங்க வேற. எங்களுக்கும் இப்ப போன்லதான் அட்டெண்டன்ஸ். ஒம்பதே முக்காலுக்குத் திறக்கும், பத்துக்கு மூடிருவான். அதுக்குள்ள முகத்தைக் காட்டிச் சிமிட்டணும். ஏற்கனவே ரெண்டு தடவை விட்டுட்டேன். இன்னைக்கும் விட்டா மெமோ. இப்ப மணி ஒம்பதே காலு. தேய்ச்சு, அருவியில நின்னு, துடைச்சிட்டு வர்றதுக்கு நேரம் தாராளமா இருக்கு."

பிச்சையா நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் சூடு காட்டி எடுத்து வந்தார். உச்சந்தலையில் வைத்து அடித்தார். தோளைப் பிடித்தார், முதுகில் உள்ளங்கையை இழுத்தார், இருபத்தோரு வருஷ சர்வீஸ் கழுத்துக்குக் கீழே கட்டி கட்டியாக இருந்ததை ஒவ்வொன்றாக உருக்கினார். விஸ்வநாதன் 'ஆ', 'அப்படித்தான்', 'அங்கனதான்' என்று குழைந்துபோய் மல்லாந்து படுத்தார். இப்படிக் கிடக்கிற ஆளை நினைத்துப் பிச்சையாவுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

"கண்ணுக்கு ரெண்டு சொட்டு விடட்டுமா சார்? சூடு அப்படியே இறங்கிரும். எங்க அப்பா காலத்து முறை."

"விடுங்க விடுங்க. முறைன்னா முழுசாத்தான் பண்ணணும்."

விட்டார். பழக்கம் இல்லாதவனுக்குக் கண்ணில் எண்ணெய் விட்டால் கால் மணி நேரத்துக்கு இமை பிரியாது, பிரிந்தாலும் எல்லாம் கலங்கலாகத் தெரியும். அருவியில் போய் நின்றால் சரியாகிவிடும். அதனால் ஒரு கேடும் இல்லை. ஒரு கால் மணி நேரம் ஆள் திண்டாடட்டும், அவ்வளவுதான் பிச்சையா நினைத்தது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் குற்றாலநாதர் சொந்தப் பொறுப்பில் நடத்தியது.

விஸ்வநாதன் எழுந்து தட்டுத் தடுமாறி நிற்கவும், மேலே சைரன் ஊதவும் சரியாக இருந்தது. மலையில் மழை, தண்ணீர் கூடிவிட்டது. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! யாரும் போகக் கூடாது!" போலீஸ்காரர்களின் விசில் பறந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் இரைச்சலோடு கரைக்கு ஏறியது. அருவி மூடியாயிற்று.

"அண்ணாச்சி, இப்ப என்ன பண்ண?" என்று பலகையைத் தடவினார் விஸ்வநாதன்.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு காரியம் பண்ணினார். நம் ஊரில் பிறந்த எவனும் செய்கிற காரியம்தான். எண்ணெயைக் கண்டால் கை சீயக்காயைத் தேடும். "யம்மா, ஒரு சொம்பு தண்ணியும் சீயக்காயும் குடுங்க, சீக்கிரம்!" என்று சீயக்காய் வாசம் வந்த பக்கம் கையை நீட்டினார். சொக்கம்மாள் ஆளை அப்போதே கண்டுகொண்டாள். கண்டுகொண்டும் ஒரு வார்த்தை பேசாமல், கேட்டதைக் கேட்டபடி கையில் வைத்தாள். மனுஷன் அவசரத்தில் ஒரு கைப்பிடித் தூளையும் குழைத்து நேராக முகத்தில் அப்பித் தேய்த்தார்.

"ஐயோ! எம்மா! எரியுதே!"

அலறல் ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும். அப்போது பார்த்து அவருடைய மொபைலில் அலாரம் அடித்தது. மணி ஒன்பதே முக்கால்.

தடவி எடுத்தார். எண்ணெய்க் கையில் மொபைல் விரால் மீன் மாதிரி வழுக்கி மண்ணில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. கைரேகை வைத்தார், எண்ணெய் விரலை அது மதிக்கவே இல்லை. சொம்புத் தண்ணியை முகத்தில் அடித்தார், சீயக்காய் இன்னும் உள்ளே இறங்கியது. "யாராவது பாருங்களேன்! அட்டெண்டன்ஸ் போயிரும்!" என்று காற்றைப் பார்த்துக் கத்தினார்.

"இங்கன குடுங்க சார்," என்றார் பிச்சையா.

"ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே அண்ணாச்சி!"

"இப்ப ஒங்களுக்கும்தான் தெரியலை. எனக்கு இதுல ஐம்பத்திரண்டு வருஷ சர்வீஸ். குடுங்க."

பிச்சையா மொபைலைத் துண்டில் துடைத்தார். சத்தம் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்துப் பிடித்தார். உள்ளே ஒரு பெண் தூக்கம் கலைந்த மாதிரி பேச ஆரம்பித்தாள். மங்களேஸ்வரிக்கு அக்கா போல, நிறுத்தி நிதானமாக. மசாஜ்காரன் விரலில் எந்நேரமும் எண்ணெய் இருக்கும், அதனால் பிச்சையா திரையைத் தொடுவது சுண்டுவிரல் முட்டியால். அங்கேதான் எண்ணெய் ஏறாது.

"பின் நம்பர் சொல்லுங்க சார்."

விஸ்வநாதன் சுற்றி ஆள் இருக்கிறதா என்று பார்க்க முயன்று, முடியாமல், பிச்சையா காதில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"இதுக்கா சார் காதுல சொன்னிய?"

ஆப் திறந்தது. "பெயரிடப்படாத பட்டன்," என்றாள் அக்கா. "பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன்."

"என்ன இது, பேரே சொல்ல மாட்டேங்கா?" விஸ்வநாதன் பதறினார்.

"பேரு வச்சாத்தானே சார் சொல்லுவா. ஒங்க ஆப்பும் எங்க ஆப்பும் ஒரே ஆளு செஞ்சது போல இருக்கு. ஒண்ணும் கவலைப்படாதிய, எனக்கு மனப்பாடம்." மேலிருந்து நாலாவதை முட்டியால் தட்டினார். மொபைலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா, இவ்வளவு நேரம் தேய்த்த முகம்.

"முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும். கண்ணைச் சிமிட்டவும்."

விஸ்வநாதன் முக்கினார், முனகினார், புருவத்தைத் தூக்கினார், உதட்டைக் கோணினார். இமை மட்டும் பிரியவில்லை. ஒரு தடவை போயிற்று. இரண்டு தடவை. மூன்று.

"உயிருள்ள நபர் என உறுதி செய்ய இயலவில்லை."

"நான் உயிரோடதானே இருக்கேன்!" என்று கத்தினார் விஸ்வநாதன்.

"அது எனக்குத் தெரியுது சார்," என்றார் பிச்சையா, மெதுவாக, சுகமாக. "சாஃப்ட்வேருக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண? ஒரே ஒரு தடவை சிமிட்டிருங்க. ஒரு செகண்டுதான்."

விஸ்வநாதனுக்குப் பொறி தட்டியது. வாயில் இருந்த ஏலக்காயை விழுங்கிவிட்டார். "நீங்க... திங்கக்கிழமை... மாடிக்கு வந்தவரு..."

"பிச்சையா சார். ஒங்க கணக்குல உசுரு இல்லாதவன்."

சொக்கம்மாள் இத்தனை நேரம் அடக்கினதை அவிழ்த்துவிட்டாள். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே சார் தெரியும்!"

விஸ்வநாதனுக்கு ஓடிப்போக வழியில்லை, ஓடினால் எந்தப் பக்கம் என்று தெரியாது. "மணி என்ன அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது ஐம்பத்திரண்டு. "எங்க மேடத்துக்குப் போன் போட்டுக் குடுங்க. ஸ்ரீமதி மேடம்."

பிச்சையா போட்டுக் கொடுத்து ஸ்பீக்கரிலும் வைத்தார். ஊருக்குக் கேட்கட்டும் என்றுதான்.

"மேடம், கண்ணு திறக்க முடியலை. எண்ணெய்... இல்லை, சீயக்காய்... அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேங்குது."

"சாஃப்ட்வேர் எடுக்கலைன்னா நான் என்ன பண்ண விஸ்வநாதன்?" என்றது அந்தப் பக்கம். "ஒரு தடவை சிமிட்டிருங்க."

சொக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பாடம் போல.

"வேற வழி இருக்கே மேடம். 'அதிகாரி நேரில் அறிந்தது'..."

"நான் தென்காசியில இருக்கேன், நேரில எப்படி அறிய? பக்கத்துல சாட்சி யாராவது இருக்காங்களா, நீங்கதான் அங்க இருக்கீங்கன்னு சொல்ல?"

பிச்சையா விஸ்வநாதன் மணிக்கட்டைப் பிடித்தார். "இருக்கேன் மேடம். ஆளு உசுரோடதான் இருக்காரு. நாடி என் கையிலதான் இருக்கு, கொஞ்சம் வேகமா ஓடுது, பயம்தான், வேற ஒண்ணும் இல்லை. கழுத்துல ரெண்டு கட்டி இருந்துச்சு, உருக்கி விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அடக்கி, இருமலாக மாற்றின சிரிப்பு. "நீங்க யாரு?"

"கரையில எண்ணெய் தேய்க்கவன் மேடம், பிச்சையா."

"சரி, போதும். உங்க பதிவு எண் சொல்லுங்க, போட்டுருதேன். பதிவு பண்ணுன ஆளு சாட்சின்னாத்தான் இதுல ஏறும்."

"பதிவு எண் இல்லையே மேடம். நான் உயிருள்ள நபர் இல்லைன்னுட்டாங்க. ஏன்னு நம்ம சாரையே கேளுங்க."

விஸ்வநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிச்சையாவுக்கு எண் வந்தால்தான் அவருக்கு அட்டெண்டன்ஸ் வரும். பிச்சையாவுக்கு எண் வர வேண்டுமென்றால் ஒரே வழி. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"அண்ணாச்சி! உங்க விண்ணப்பத்தை எடுங்க. என் போன்லயே எடுங்க. நேரில் அறிந்தது... அதை அமுக்குங்க."

"எது சார் அது? பெயரிடப்படாத பட்டன்ல எத்தனாவது?"

"ஐயையோ... கடைசியில இருந்து மூணாவது!"

தட்டினார். "காரணத்தைக் கூறவும்," என்றாள் அக்கா. எழுதுகிற இடத்தில் மைக் பட்டனுக்கு மட்டும், அது எந்தப் புண்ணியவான் செய்ததோ, பேர் இருந்தது. பிச்சையா அதை அமுக்கி, மொபைலை விஸ்வநாதன் வாய்க்கு நேரே பிடித்தார். "பேசுங்க சார். நீங்க பேசுனா அது எழுதும்."

இருபத்தோரு வருஷ சர்வீஸில் முதல் காரணம். விஸ்வநாதன் தொண்டையைக் கனைத்தார். "விண்ணப்பதாரரால் கண்ணைச் சிமிட்ட இயலாது. அது அவர் குற்றம் அல்ல. அவர் உயிருடன் உள்ளார். நல்ல திடமாகவே உள்ளார். இதனை நான் நேரில் அறிந்தேன்... ஐயோ எரியுதே, எம்மா, தண்ணி குடு தாயி!"

"அனுப்பவா சார்?"

"அனுப்புங்க அனுப்புங்க!"

அனுப்பிவிட்டார். எரிச்சல், எம்மா, தாயி எல்லாம் சேர்ந்து அப்படியே அரசாங்கக் கோப்பில் போய் உட்கார்ந்தது. இன்றைக்கும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

"பதிவு எண் நானூற்றுப் பதினேழு," என்றாள் அக்கா. பிச்சையா அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். உயிர் வந்துவிட்டது அல்லவா.

"நானூத்திப் பதினேழு மேடம்!" என்று விஸ்வநாதன்தான் கத்தினார். ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு, "வருகை பதிவு செய்யப்பட்டது" என்று வந்தது. வந்ததும் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். சொக்கம்மாள் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் ஊற்றி அவர் கண்ணைக் கழுவிவிட்டாள். கண் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது பிச்சையாவின் முகத்தைத்தான். இந்தத் தடவை குரல் நேராக வந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. திங்கக்கிழமையே இதைப் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம் சார்," என்றார் பிச்சையா. அதற்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது சொக்கம்மாள் அவர் காதருகே குனிந்தாள். "நெசமாச் சொல்லுங்க. கண்ணுல எத்தனை சொட்டு விட்டிய?"

"முறைப்படி ரெண்டு."

"எங்கிட்டயேவா?"

பிச்சையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு கண்ணுக்கு அஞ்சு. அதை வெளிய சொல்லிராத ஏட்டி."

வியாழக்கிழமை தடுப்பில் போலீஸ்காரர் எண் கேட்டார். பிச்சையா மொபைலை நீட்டினார். மங்களேஸ்வரி கடுகு பொரித்தாள். "என்ன சொல்லுது இது?" என்று போலீஸ்காரர் முழித்தார். "நான் உயிரோட இருக்கேன்னு சொல்லுதா சார்," என்றுவிட்டு உள்ளே போனார் பிச்சையா.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. பலகையில் முட்டி இரண்டு மளுக்கென்றது, ஏலக்காய் வாசம் வந்தது. குரலில் ஒரே உற்சாகம்.

"அண்ணாச்சி, உங்க விஷயத்தை நான் விடலை! மேடம் மேல எழுதி, மேல இருந்து கம்பெனிக்கு எழுதி, ஆப்பை மாத்தியாச்சு. கண்ணைச் சிமிட்ட முடியாதவங்களுக்குன்னே தனியா ஒரு புது பட்டன். இந்தச் சீசன்லயே வாசுதேவநல்லூர்ல இருந்து ஒருத்தரு, கீழப்பாவூர்ல இருந்து பக்கவாதம் வந்த ஒரு அம்மா, எல்லாரும் பதிவு பண்ணப் போறாங்க. உங்களாலதான். திறந்து பாருங்க, நீங்கதான் முதல்ல தொடணும்."

பிச்சையாவுக்கு உள்ளபடியே மனசு குளிர்ந்துபோயிற்று. கையைத் துடைத்து, மொபைலை எடுத்து, ஆப்பைத் திறந்தார். பக்கத்தில் சொக்கம்மாளும் வந்து நின்றாள். மேலிருந்து ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று தட்டுப்பட்டது. விஸ்வநாதனுக்கும் கேட்கட்டும் என்று மங்களேஸ்வரியின் வேகத்தைக் குறைத்துவிட்டு அதைத் தொட்டார்.

"பெயரிடப்படாத பட்டன்," என்றாள் மங்களேஸ்வரி.

சொக்கம்மாள் விஸ்வநாதன் பக்கம் திரும்பினாள். அருவி இரைந்துகொண்டிருந்தது.

பிச்சையா மொபைலை மடியில் செருகினார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"படுங்க சார்," என்றார். "கண்ணுக்கு ரெண்டு சொட்டு விடுவோம்."